சார்ட் பேப்பருக்கு மதிப்பெண் போடாதீர்கள்: வட ஆற்காட்டுச் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் அக்காவுக்குக் காலில் புண். நெடுநாள் சர்க்கரைக்காரர். பத்து நாள் வார்டில் அவருடன் உட்கார்ந்திருந்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. நான் பார்த்ததை நம் பக்கத்தில் எங்கு போனாலும் பார்க்கலாம். ஆறாம் நாள் காலை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி சுருட்டிய சார்ட் பேப்பருடன் வந்தாள். பின்னால் டியூட்டர், அதாவது கல்லூரியின் பயிற்சி ஆசிரியை, கையில் மதிப்பெண் தாள். சர்க்கரை நோயாளிக்கான உணவு பற்றி ஹெல்த் டாக், நோயாளிக்குச் சொல்லிக் கொடுக்கும் பேச்சு. சார்ட்டில் ஆப்பிள், ஓட்ஸ், ப்ராக்கோலி எல்லாம் வண்ணப் படங்களாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் ஜிகினா பார்டர். அந்தப் பெண் இரவு ஒரு மணிவரை கண் விழித்து ஒட்டியிருப்பாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நானும் ஒட்டியவள்தான்.

என் அக்கா, குடியாத்தத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அறுபது வருடமாகக் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர். பேச்சு நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "களி எத்தனை உருண்டை சாப்பிடலாம் பாப்பா?" மாணவி டியூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். டியூட்டர், "சந்தேகங்களைக் கடைசியில் கேளுங்கள் அம்மா" என்றார். கடைசியில் நேரம் முடிந்துவிட்டது. மாணவி நன்றி சொல்லி, சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த நோயாளிக்குப் போகாமல் விடுதிக்குப் போனாள். அவளுக்கு இருபத்தைந்துக்கு இருபத்தொன்று கிடைத்திருக்கும். அக்காவுக்குக் களி பற்றிய பதில் கிடைக்கவில்லை.

இதைக் குறையாக எழுதவில்லை என்று சொன்னால் பொய். குறையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த மாணவியின் மேல் இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்துமூன்று வருடம் செவிலியர் வேலை. பிரிவதற்கு முந்தைய வட ஆற்காட்டில் படித்து, அது 1989-இல் இரண்டாகி, 2019-இல் வேலூரே மூன்றானபோதும் இதே பாலாற்றுக் கரையை விட்டுப் போகாதவள். கடைசிப் பன்னிரண்டு வருடம் வார்டு இன்சார்ஜ். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவள், அதனால் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

உங்கள் பாடத்திட்டத்தில் மூன்று விஷயங்கள் மூன்று அறைகளில் இருக்கின்றன. நோயாளியைப் பார்த்து என்ன நடக்கிறது என்று கணிப்பது ஒரு அறை. நெறிமுறை இன்னொரு அறை. அங்கே இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறைத் தொகுப்பை ஒப்பிக்கிறார்கள். நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது மூன்றாவது அறை. அங்கேதான் சார்ட் பேப்பரும் பசையும். வார்டில் இந்தச் சுவர்கள் கிடையாது. யாரிடம், எப்போது, எதை, எந்தச் சொல்லில் சொல்வது என்று முடிவெடுப்பதே கணிப்பு. அதைச் சொல்லாமல் விடுவதும், தவறான ஆளிடம் சொல்வதும் நெறி தவறுவது. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஓர் அம்மாவைச் சாவின் வாசல்வரை அனுப்பிவைத்துக் கற்றேன்.

பேரணாம்பட்டுப் பக்கத்து அம்மா அவர். பீடி சுற்றுபவர். ஐம்பது வயதுக்கு மேல். காலையில் 20 யூனிட் இன்சுலின் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினோம். பதினொரு மணிக்கு பில் கட்டிவிட்டு வந்தார்கள், வெளியே ஆட்டோ நிற்கிறது, மகன் அவசரப்படுகிறான். நான் சிரிஞ்சைக் காட்டி, "இந்த 20 கோடு வரை இழுத்து, இங்கே போட வேண்டும், புரிந்ததா?" என்றேன். "புரிந்தது சிஸ்டர்" என்றார்கள் இருவரும். கேஸ் ஷீட்டில் "நோயாளிக்குக் கற்பிக்கப்பட்டது" என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து விடியற்காலையில் நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, பல் கிட்டியிருந்தது. சர்க்கரை வெறும் 34. குளுக்கோஸ் ஏறிக் கண் விழித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டது: "20 கோடு வரைதானே சிஸ்டர் இழுத்தேன்?"

ஆமாம், 20 கோடு வரைதான் இழுத்திருந்தார். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு வகையில் வருகிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40-க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. சென்னையில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்து வாங்கி வந்தது 100. அம்மாவிடம் இருந்தது பழைய சிவப்பு மூடிச் சிரிஞ்சு. அதில் 20 கோடு என்றால் அரை மில்லி. அரை மில்லியில் 20-க்குப் பதில் 50 யூனிட் உள்ளே போயிற்று. இரண்டரை மடங்கு. நான் கற்றுக் கொடுத்ததை அவர் ஒரு மயிரிழை பிசகாமல் செய்தார். நான் கோட்டைக் கற்றுக் கொடுத்தேன், கோடு எதை அளக்கிறது என்பதைக் கற்றுக் கொடுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேட்க முடியாது, என் கையெழுத்துத்தான் ஏட்டில் இருக்கிறதே! "கற்பிக்கப்பட்டது." அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

இன்னொன்றும் அன்று உறைத்தது. நம் மாணவிகள் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதும் கவனிப்புத் திட்டமான கேர் பிளானில் செவிலியக் கணிப்பு என்ற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு "அறிவுக் குறைபாடு" என்று எழுதுவார்கள். இவருக்கும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு தூள், எத்தனை இலை கழிவு போகும், கட்டுக்கு எத்தனை என்று முறத்தைப் பார்க்காமலே சொல்லக் கூடியவர் அவர். அளவு அவருக்குப் புதிதல்ல. மறுபடி டிஸ்சார்ஜ் ஆகும் முன் இரண்டு பாட்டிலையும் இரண்டு சிரிஞ்சையும் அவர் முன்னால் வைத்து, "ஒரே அளவு தண்ணீர், ஒன்றில் ஒரு பங்கு தூள், இன்னொன்றில் இரண்டரை பங்கு" என்றேன். சிரித்துவிட்டார். "இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்." குறைபாடு யாரிடம் இருந்தது என்று கேர் பிளானில் எழுத அப்போது கட்டம் இல்லை. இப்போதும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு நான் யாரிடமும் "புரிந்ததா?" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. வெள்ளை உடையில் நிற்பவரிடம் "புரியவில்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நம் நோயாளிகள். அதற்குப் பதில், "நான் ஒழுங்காகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். நாளைக் காலையில் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று எனக்குச் செய்து காட்டுங்கள்" என்பேன். தேர்வு எனக்குத்தான், அவர்களுக்கு இல்லை. அப்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். இன்ஹேலரை இழுப்பதற்குப் பதில் ஊதுவார்கள். கலங்கிய இன்சுலினை உள்ளங்கையில் மெதுவாக உருட்டுவதற்குப் பதில் டானிக் பாட்டில் போலக் குலுக்குவார்கள். ஃபிரிட்ஜ் இருக்கிறது என்பார்கள். எங்கே வைப்பீர்கள் என்றால் ஐஸ் கட்டி உறையும் பெட்டியில் என்பார்கள். உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு என்ன வழி? வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரியைத் தாண்டும். பெரிய மண்பானையில் ஈர மணல், அதன் நடுவே சின்னப் பானை, அதற்குள் ஈரம் படாத டப்பாவில் மருந்து. நிழலான மூலை, காற்று வர வேண்டும், மணல் காயக் கூடாது. இதை எந்த மாணவியின் சார்ட்டிலும் நான் பார்த்ததில்லை. 2 முதல் 8 டிகிரி என்று மட்டும் அழகாக எழுதியிருக்கும். திறக்காத பாட்டிலுக்கு அது சரி. பயன்பாட்டில் இருப்பதை வெப்பம் தாக்காத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியில் வைக்கலாம் என்பதைச் சொல்லாவிட்டால், ஃபிரிட்ஜ் இல்லாதவர் மருந்தையே விட்டுவிடுவார். சொன்னவருக்குத் தெரியாமலே மருந்தை நிறுத்தச் சொன்னதுபோல ஆகிவிடும்.

நம் மண்ணில் இந்த வேலை இப்படித் தொடங்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ராணிப்பேட்டையில் பிறந்து, சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கியது 1909-இல், மருத்துவப் பள்ளிக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால். செவிலியர் பட்டப் படிப்பு நாட்டிலேயே முதன்முதலில் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று, அது 1946. அதே ஆண்டு வந்தவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய கை மருத்துவர். அவர் சொன்ன கதை ஒன்றை எங்கள் காலத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். கை சரியாகி வந்த நோயாளிகளுக்கு இரவில் தூங்கி எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருக்கும். நோய் தின்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் இரவு விழித்திருந்து பார்த்தால், எலி. உணர்ச்சியில்லாத விரலை எலி கடித்தால் தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளியுடன் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்களாம்.

நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது என்றால் எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகம் வரும். இரவில் விழித்திருந்து பார்த்தது கணிப்பு. நோயாளியின் கவனக்குறைவு என்று பழி போடாதது நெறி. பூனையைக் கொடுத்தது பாடம். இதில் எங்கே இருக்கிறது சார்ட் பேப்பர்?

கணிப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எந்த வார்டிலும் டெம்பரேச்சர் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 20. இளைஞனுக்கும் 20, நிமோனியாக்காரருக்கும் 20, இறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்புகூட 20. ஏன் என்று நமக்கெல்லாம் தெரியும். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் உண்டு, பி.பி.க்கு மெஷின் உண்டு, மூச்சை எண்ண முழு ஒரு நிமிடம் நோயாளியின் அருகில் சும்மா நிற்க வேண்டும். ஆனால் உடம்பு நொடிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அதுதான்.

ஆற்காட்டுக்காரர் ஒருவர், அரிசி மண்டி வைத்திருந்தவர். வயிற்று அறுவை முடிந்து ஐந்தாம் நாள். கஞ்சியில் உப்பில்லை, ரசம் தண்ணீர் என்று மூன்று வேளையும் சமையலறைப் பையனுடன் சண்டை. இரவு எட்டு மணிக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சிஸ்டர், ஒன்றுமில்லை. அவர் இன்றைக்குச் சண்டை போடவில்லை."

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஏட்டில் எல்லாம் சரியாக இருந்தது, மூச்சு 20 உட்பட. அவளையே நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன். 34. டாக்டரை அழைத்தோம். இல்லை, அவளையே அழைக்க வைத்தேன். யார், என்ன அறுவை, நேற்று எப்படி இருந்தார், இப்போது எப்படி, உடனே வந்து பார்க்க வேண்டும் என்று ஐந்து வாக்கியம். உள்ளே தைத்த இடத்தில் கசிவு. நள்ளிரவுக்குள் மறுபடி அறுவை அரங்கு. மூன்று வாரம் கழித்து ரசத்தைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவர் அவளுக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி இல்லை. அவருடன் நின்றதால் தன் நோயாளியின் கேஸ் ஸ்டடியை மறுநாள் முடித்துக் கொடுக்க முடியவில்லை. மதிப்பெண் குறைத்தார்கள். நான் கல்லூரிக்குப் போய்ப் பேசினேன், விதி என்றார்கள். ஒரு மனிதரின் மௌனத்தைக் கேட்கத் தெரிந்த காதுக்கு மதிப்பெண் போட உங்கள் தாளில் கட்டம் இல்லை, ஓரத்து ஜிகினாவுக்கு இருக்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். பதினைந்து வருடமாக அடக்கி வைத்திருந்தது.

நெறிமுறைக்கு வருகிறேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண். இருபத்து மூன்று வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைத் தின்றுவிட்டது. செயற்கை வால்வு வைத்தாயிற்று. இனி வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, அதற்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரையைத் தொடாதே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எப்போதும் அதே இரண்டு நாள், அதே அளவு. திடீரென்று கூட்டாதே, நிறுத்தாதே என்று திருத்தினேன். மெடிக்கல் ஷாப்பில் உடம்பு வலிக்கு மாத்திரை கேட்டு வாங்காதே, பல் பிடுங்கப் போனாலும், யார் ஊசி போட வந்தாலும் இந்த மாத்திரையை முதலில் சொல் என்றேன். எல்லாவற்றுக்கும் மாமியார் தலையாட்டினார். "என்னிடம் சொல்லுங்கள் சிஸ்டர், அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்."

ஆனால் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் மிச்சம் இருந்தது. இந்த மாத்திரை கருவின் முதல் மாதங்களில் குழந்தையைப் பாதிக்கக் கூடியது. கருத்தரிப்பதைத் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும். நாள் தள்ளிப் போனால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, வால்வில் ரத்தம் கட்டிவிடும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணிடம் இதை மாமியார் முன்னால் எப்படிச் சொல்வது? மாமியார் கெட்டவர் இல்லை. இரவு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தவர். ஆனால் இது அந்தப் பெண்ணின் உடம்பு.

மாமியாரைப் பஞ்சும் பிளாஸ்டரும் வாங்கி வர ஃபார்மசிக்கு அனுப்பினேன். வார்டில் பஞ்சு நிறைய இருந்தது. பொய்தான். உண்மை பேசுதல் என்ற தலைப்பில் நீங்கள் நடத்தும் பாடத்தில் எனக்குப் பூஜ்யம் கிடைக்கலாம். ஃபார்மசி வரிசை புண்ணியத்தில் இருபத்தைந்து நிமிடம் கிடைத்தது. அந்தப் பெண் முதலில் அழுதாள், பிறகு நான் யோசித்தே இராத ஒன்றைக் கேட்டாள்: "அவரிடம் யார் சொல்வது சிஸ்டர்?" மறுநாள் அவள் சம்மதத்தோடு கணவனை வரவழைத்து, அவளும் நானும் டாக்டரும் உட்கார்ந்து பேசினோம். பொய் சொல்லாமல் இதைச் செய்திருக்க முடியுமா என்று இன்னும் யோசிக்கிறேன். "இந்த நேரம் நோயாளியும் செவிலியரும் மட்டும்" என்று எல்லாக் கட்டிலுக்கும் ஒரு வழக்கம் இருந்திருந்தால் பஞ்சு தேவைப்பட்டிருக்காது. இப்படிப்பட்ட ஒரு சங்கடத்தை மாணவிகள் முன் வைத்து வாதாட விடுங்கள். தொகுப்பின் வரிகளை ஒப்பித்து வாங்கும் பத்து மதிப்பெண்ணால் அந்தக் கட்டில் அருகில் ஒரு பயனும் இல்லை.

நோன்பு விஷயமும் அப்படித்தான். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் என்று நம் பக்கத்தில் ரம்ஜான் நோன்பு பிடிக்கும் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்! "நோன்பு கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போவார், நோன்பும் பிடிப்பார், நம்மிடம் கேட்க முடியாததால் ஊசி அளவைத் தானே பாதியாக்குவார், அல்லது குறைக்காமலே போடுவார். இரண்டும் ஆபத்து. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே "இந்த வருடம் என்ன எண்ணம் பாய்?" என்று கேட்டால் அவரே சொல்வார். அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. அந்தக் கேள்வியை டாக்டரிடம் நேரத்தோடு கொண்டுபோவது நம் வேலை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை அப்போதே முறிக்க வேண்டும், விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள், இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்கும் மாணவியை அவர் நம்புவார்.

காசநோய் மாத்திரை தொடங்கியவரிடம், சிறுநீர் செந்நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லாததால் ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வாக்கியம். அதற்கு மேல் இதில் எழுத என்ன இருக்கிறது.

மொழி வேறு இருக்கிறது. வேலூர் லாட்ஜுகளில் தங்கி வைத்தியம் பார்க்கும் வங்காளத்துக்காரர்கள், குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கு வீடுகள், உருது பேசும் பெண்கள். கூட வந்த பத்து வயதுப் பையனை வைத்து அம்மாவின் மாதவிடாய் விவரம் கேட்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனின் முகத்தையும்.

நேரமில்லை என்பீர்கள். தெரியும். பொது வார்டில் போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர் என்று நர்சிங் கவுன்சில் அளவு வைத்திருக்கிறது. இரவு ஷிஃப்ட்டில் முப்பது கட்டிலுக்கு ஒருத்தியாக நின்றவளிடம் அதைச் சொன்னால் சிரிப்பாள். அது நிர்வாகிகளுக்கு எழுத வேண்டிய வேறு மடல், எழுதுவேன். ஆனால் ஒன்று: பதினொரு மணிக்கு, ஆட்டோ நிற்கும்போது, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதுதான் நேரம் தின்னும். சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஊசியும் ஒரு பாடமாக இருந்தால் தனி நேரம் வேண்டாம். முதல் நாள் நான் போடுகிறேன், நீங்கள் பாருங்கள். இரண்டாம் நாள் நீங்கள் இழுங்கள், நான் பார்க்கிறேன். மூன்றாம் நாள் நீங்களே போடுங்கள். எப்படியும் அந்த ஊசியைப் போடத்தான் போகிறோம்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். மாத்திரையைப் போல் நம் சொல்லும் வாசல்வரை போக வேண்டாமா? உங்கள் மாணவிகள் சமூக நலப் பயிற்சிக்காகக் கிராமங்களுக்குப் போகத்தான் செய்கிறார்கள். வார்டில் தான் கற்றுக் கொடுத்த நோயாளியின் வீட்டுக்கே, அவர் சம்மதித்தால், அந்த மாணவியை அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அவர் எப்படி ஊசி போடுகிறார், மருந்து எங்கே இருக்கிறது, களி உருண்டை எவ்வளவு பெரிது என்று பார்த்து வந்து எழுதட்டும். அதற்கு மதிப்பெண் போடுங்கள். தான் சொன்னது ஏன் பலிக்கவில்லை என்று நேர்மையாக எழுதியவளுக்குக் கூடுதலாகப் போடுங்கள். செயல்முறைத் தேர்வில் ஒரு கேள்வியாவது "உனக்குத் தெரியவில்லை, யாரை, எப்போது, என்ன சொல்லி அழைப்பாய்?" என்று இருக்கட்டும். இரவில் தேவையில்லாமல் அழைத்துவிட்டாள் என்று எந்த மாணவியையும் திட்டாதீர்கள். பத்து முறை வீணாக அழைப்பவள்தான் பதினோராவது முறை சரியாக அழைப்பாள்.

களி விவகாரத்தை நானே முடித்து வைத்தேன். கேழ்வரகு என்பதால் எவ்வளவும் தின்னலாம் என்பது நம் ஊர் நம்பிக்கை. அதுவும் மாவுதான், சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அக்காவின் உருண்டை சின்னத் தேங்காய் அளவு. அதைப் பாதியாக்கி, கூடவே கீரையும் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பில் காயும் அதிகம், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்து அளவை முடிவு செய்வோம் என்று பேசிக்கொண்டோம். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். முணுமுணுப்பவர்கள் பெரும்பாலும் செய்வார்கள். உடனே "சரி" என்பவர்களைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

என் வீடு குடியாத்தத்தில். புதன், சனி காலைகளில் வேலையில்லை. மணல் பானை ஒன்று கொல்லைப்புற நிழலில் இருக்கிறது, காலியான 40 பாட்டிலும் 100 பாட்டிலும் இரண்டு நிற மூடிச் சிரிஞ்சுகளும் வைத்திருக்கிறேன், அக்கா நோயாளியாக உட்காரச் சம்மதித்திருக்கிறார். அடுத்த பருவத்தில் ஐந்தாறு மாணவிகளை அனுப்பி வையுங்கள். அந்தச் சார்ட் ஒட்டிய பெண்ணையும் சேர்த்து. அவளிடம் அக்கா கேட்க இன்னும் நான்கு கேள்விகள் மிச்சம் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு வார்டு சிஸ்டர்
குடியாத்தம்